நெடுவழியும் ஊர்வாயிலும்

வழிநடை நூலொன்றை மதிப்பிடப் புகுவோர், அதன் ஆசிரியர் எத்தனை மலை ஏறினார், எத்தனை மைல் நடந்தார் என்று எண்ணத் தொடங்குவது வழக்கமாகிவிட்டது. பில் பிரைசன் எழுதி 1998-ஆம் ஆண்டு வெளிவந்த ‘எ வாக் இன் த வூட்ஸ்’ என்னும் நூலையும் சிலர் அக்கோல் கொண்டே அளந்தனர்.

அமெரிக்க நாட்டின் கீழ்த்திசை மலைத்தொடரில், ஜார்ஜியா மாநிலத்து ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி மெய்ன் மாநிலத்துக் கட்டாடின் மலையில் முடிவது அப்பலேச்சியன் நெடுவழி. பதினான்கு மாநிலங்களை ஊடறுத்து 2,190 மைலுக்கு மேல் செல்வது. 1996-இல் அதனை நடக்கப் புறப்பட்ட பிரைசன் கடந்ததோ 870 மைல்தான். நூற்றுக்கு நாற்பதுகூட நிரம்பவில்லை. வழியை முடிக்காதவர் வழியைப் பற்றி எழுதலாமா என்பது அவர்மேல் சாட்டப்படும் குற்றம். இது பொருந்தாக் குற்றம். அவர் தம் தோல்வியை மறைத்தாரல்லர். கணக்குப் போட்டுத் தாமே சொல்கிறார். நூலின் குறை வேறோரிடத்தில் இருக்கிறது. அது காட்டில் இல்லை, ஊரில் இருக்கிறது.

முதலில் நிறைவைச் சொல்வதே முறை. நடப்பவரின் நாள் எத்தகையது என்பதைப் பிரைசன் போல் நகையாகவும் உண்மையாகவும் காட்டியவர் சிலரே. மரந்தோறும் தீட்டிய வெள்ளைக் குறியைத் தேடித் தேடி நடப்பது, முதுகுச் சுமையோடு ஒவ்வோர் உச்சியையும் கடைசி உச்சி என எண்ணி ஏமாறுவது, அந்தி சாய மூன்று பக்கமே சுவருள்ள மரக்குடிலில் எலிகளோடு படுப்பது, மறுநாளும் அதுவே செய்வது: இவ்வளவுதான் நெடுவழி வாழ்க்கை. உடன் வரும் நண்பர், ‘கட்ஸ்’ என்ற புனைபெயரால் குறிக்கப்படுபவர், முதல் நாளே சுமை பொறாமல் உணவுப் பொருள்களைக் காட்டில் வீசியெறிகிறார். சுமை தூக்கி மேடேறிய எவரும் இவ்விடத்தைப் படித்துச் சிரிப்பர். வீசியது சோறு என்று நினைந்து சற்றே வருந்தவும் செய்வர். பிறகு நாள்தோறும் மீயும் சாக்லேட்டுமாகத் தின்று அலுத்தவர்களுக்கு, ஊர் என்பது சொர்க்கமாகத் தோன்றுகிறது. வெந்நீர்க் குளியல், வெள்ளை விரிப்பு, தட்டு நிறையச் சோடித்த உணவு!

அச்சொர்க்கம் எத்தனை நேரம் நிலைக்கிறது என்பதைக் காட்டும் பகுதிகளே நூலின் உயிர். பனி பெய்து வழி அடைபட, பிராங்கிளின் என்னும் சிற்றூரில் தங்க நேர்கிறது. முதல் நாளில் இன்பமாயிருந்த ஊர், அடுத்த நாளில் செய்வதற்கு ஒன்றுமற்ற ஒரே தெருவாகச் சுருங்கிவிடுகிறது. கேட்லின்பர்க்கில் ஒரு கடைச் சுவரில் நெடுவழிப் படம் தொங்குகிறது. ஆள் உயரம் நெருங்கும் அப்படத்தில், இவர்கள் வாரக்கணக்காய் உழைத்து நடந்தது இரண்டங்குலம்! காடு தராத சோர்வை ஒரு கடைச் சுவர் தந்துவிடுகிறது. நூல் முழுவதிலும் இதற்கு ஈடான இடம் இன்னொன்றே உண்டு. வேனஸ்பரோ ஊரில் பூச்சி மருந்து வாங்கப் பெருங்கடை ஒன்றுக்கு நடந்து செல்ல விரும்புகிறார் பிரைசன். மலைகளைத் தாண்டி வந்த மனிதரால் அந்தக் கடைக்குப் போக முடியவில்லை. நடைபாதை இல்லை, வண்டிகளுக்கே எல்லாம். சேற்றிலும் பள்ளத்திலும் இறங்கியேறிப் போகிறார். காட்டில் நடக்க வழி சமைத்த நாடு ஊரில் நடக்க வழி வைக்கவில்லை என்பதை ஒரு பிரசங்கமும் இன்றிச் சொல்லிவிட்ட அதிகாரம் இது.

இதிலிருந்து பிரைசன் ஒரு கொள்கைக்கு வருகிறார். அமெரிக்கர் இயற்கையை ஒன்று அடக்கியாள்வர், இன்றேல் தெய்வமாக்கித் தொலைவில் நிறுத்துவர். மனிதரும் இயற்கையும் கலந்து வாழ்வதை அவர் கருதுவதில்லை என்கிறார். கொள்கையில் வலுவுண்டு. 1921-இல் இவ்வழியை முதன்முதல் முன்மொழிந்த பெண்டன் மக்காய், வெறும் நடைவழியை மட்டும் கேட்கவில்லை. தங்குகுடில்களும் குடியிருப்புகளும் உணவு விளைக்கும் பண்ணை முகாம்களும் சேர்ந்த ஒரு வாழ்வையே அவர் வரைந்தார். 1937-இல் நிறைவேறியது வழியும் குடிலுமே.

ஆனால், கொள்கைக்கு மாறாக நிற்கும் சான்றுகளை ஆசிரியர் எங்ஙனம் கையாண்டார்? வட கரோலினாவின் ஹாட் ஸ்பிரிங்ஸ், வர்ஜீனியாவின் டமாஸ்கஸ் ஆகிய ஊர்களில் நெடுவழி ஊரை விலக்கிப் போவதில்லை. ஊரின் முதன்மைத் தெருவே நெடுவழி. வெள்ளைக் குறி தெருக்கம்பத்தில் இருக்கும். நடப்பவர் கடைவாசலில் சுமையை இறக்கி வைப்பர். பிரைசனும் கட்ஸும் கேட்லின்பர்க்கோடு நடையை நிறுத்தி, வண்டியேறி ரோனோக்கில் இறங்கியபோது, இவ்விரண்டு ஊர்களும் அவர்கள் விட்டுவிட்ட பகுதியில் அகப்பட்டுக்கொண்டன. அதுவேனும் தற்செயல். அவர் குடியேறி வாழ்ந்த ஹனோவர் நகர்த் தெருவிலேயே நெடுவழி செல்கிறதே! ஊரோரத்தில் ஒரு வழி காட்டுக்குள் மறைவதைக் கண்டதாகத்தான் நூலே தொடங்குகிறது. தொடக்கத்தில் கண்ட அவ்வழியை, கொள்கை பேசும் இடத்தில் மறந்துவிட்டார்.

இதனினும் பெரிய குறை, ஊர்மக்களை அவர் பார்க்கும் பார்வை. ஆற்றுப்படை பயின்ற தமிழாசிரியருக்கு வழிநடை நூலில் முதலில் எழும் கேள்வி, வந்தவர்க்கு யார் என்ன இட்டார் என்பதே. சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினத்துப் பரதவரும் வேலூர் எயினரும் ஆமூர் உழவரும் தத்தம் உணவோடு, தத்தம் மதிப்போடு நிற்கின்றனர். பிரைசனின் ஊர்களிலோ சோறிடுவோரும் வண்டியில் ஏற்றிச் செல்வோரும் பெரும்பாலும் நகைப்பொருள்களே. சலவைக்கூடத்தில் கட்ஸ் சந்திக்கும் பருத்த பெண்மணியின் கதையில், அவள் உடல் பருமனைத் தவிர வேறு என்ன இருக்கிறது? தம்மையே எள்ளும்போது இனிக்கும் நகை, ஏழை மலைநாட்டாரை எள்ளும்போது கசக்கிறது.

எம்மா கேட்வுட் என்னும் மூதாட்டியை அவர் குறிப்பிடும் இடமும் இத்தகையதே. விசித்திரமானவர், தக்க கருவியின்றி நடந்தவர், அடிக்கடி வழி தவறியவர் என ஓரிரு தொடரில் முடித்துவிடுகிறார். இக்குறையைப் பென் மாண்ட்கமரி 2014-இல் எழுதிய ‘கிராண்ட்மா கேட்வுட்ஸ் வாக்’ தீர்க்கிறது. பதினொரு மக்களைப் பெற்ற அம்மூதாட்டி, 1955-இல், தம் 67-ஆம் வயதில், துணிக்காலணியும் தாமே தைத்த தோள்பையுமாக 146 நாளில் வழி முழுவதையும் நடந்தார். ஒரு பருவத்தில் தனித்து நடந்து முடித்த முதற்பெண் அவரே. குடில்கள் பாழாய்க் கிடந்தபோது அயலார் வீடுகளில் இடம் கேட்டார். சிலர் உணவும் படுக்கையும் தந்தனர், சிலர் இல்லையென்றனர். கணவன் கையால் பல்லாண்டு அடிபட்டவர் அவர் என்பதை அறிந்து படிக்கையில், அயலார் வீட்டுத் தாழ்வாரத்தில் அவர் கழிக்கும் ஓர் இரவுக்கு வரும் பொருள் பிரைசனின் எந்த விடுதி அறைக்கும் வரவில்லை. மாண்ட்கமரியின் நடையில் பிரைசனின் ஒளி இல்லை. செய்தித்தாள் மணம் மிகுதி. ஆயினும் கதவைத் திறந்தவர் முகம் அதில் தெரிகிறது.

மேல்வகுப்பு மாணவர்க்கு மொழிபெயர்ப்புப் பயிற்சியாகக் கொடுக்க விரும்பும் ஆசிரியர், பிரைசனின் வேனஸ்பரோ நடையையும் மாண்ட்கமரி நூலில் மூதாட்டி இடம் கேட்கும் பகுதியொன்றையும் அடுத்தடுத்துக் கொடுக்கலாம். சலவைக்கூடக் கதையை விட்டுவிடலாம்.