சத்தமில்லாமல் கிளம்பும் வண்டி

சாவியைத் திருகியதும் உறுமும் காரோடு பழகியவருக்கு ஹைபிரிட் காரின் முதல் காலை திகைப்புதான். பொத்தானை அழுத்தினால் ‘ரெடி’ என்று விளக்கு எரிகிறது. சத்தம் மட்டும் இல்லை. வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சுற்றி மெல்ல ஊரும்போது பெரும்பாலும் மின் மோட்டார்தான் இழுக்கிறது. நடைப்பயிற்சி போகிறவர்களுக்குக் கார் வருவது எளிதில் காதில் விழாது. ஓட்டுபவர்தான் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

ஹைபிரிட் கார்களுக்கு 1997இல் ஜப்பானில் டொயோட்டா பிரியஸ் வழி திறந்தது. 2022இல் இந்தியாவுக்கு வந்த மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் ஹைபிரிட்களில் 1.5 லிட்டர் மூன்று சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினும் மோட்டாரும் கூட்டுச் சேர்கின்றன. சார்ஜ் போடும் வேலையே கிடையாது.

அழகெல்லாம் பிரேக்கில் இருக்கிறது. சாதாரண காரில் பிரேக் பிடித்தால் ஓட்டத்தின் ஆற்றல் வெறும் சூடாகிக் காற்றில் போய்விடும். இங்கே மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, அதில் ஒரு பங்கை மின்சாரமாக்கி பேட்டரியில் சேர்க்கிறது. சிவப்பு சிக்னலைத் தூரத்திலேயே பார்த்து இதமாக மிதித்தால் சேமிப்பு கூடும். கடைசி நொடியில் ஓங்கி மிதித்தால் குறையும். ஓட்ட ஓட்ட அந்த அளவு காலுக்குப் பிடிபட்டுவிடுகிறது.

நாற்கரச் சாலையில் ஒரே சீராகப் பறக்கும்போது இந்த ஆதாயம் சுருங்கும். தெப்பக்குளத்து நெரிசலில், நின்று நின்று போகையில்தான் அதன் கெட்டிக்காரத்தனம் முழுதாகத் தெரிகிறது.