காதுக்கு எத்தனை மதிப்பெண்?

தென்கொரியாவில் நவம்பர் மாதம் நடக்கும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வன்று, மதியம் அரை மணி நேரத்துக்குச் சற்று மேலாக நாட்டில் எந்த விமானமும் ஏறுவதில்லை, இறங்குவதில்லை. அது ஆங்கிலக் கேட்டல் தேர்வின் நேரம். ஆங்கிலத் தாளில் உள்ள 45 கேள்விகளில் 17 கேள்விகளுக்குக் காதால் கேட்டுத்தான் விடை எழுத வேண்டும். புதுச்சேரி தட்டாஞ்சாவடியில் வானம் அமைதியாகத்தான் இருக்கிறது. வழுதாவூர் சாலையின் பஸ் ஹாரனும் தொழிற்பேட்டை லாரிகளின் இரைச்சலும் தான் தொல்லை. அந்தச் சத்தத்துக்கு நடுவே இங்குள்ள பிள்ளைகளின் ஆங்கிலக் காதை யார், எப்படி அளக்கிறார்கள்?

புதுச்சேரிக்குச் சொந்தமாகத் தேர்வு வாரியம் கிடையாது. நெடுங்காலம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் இருந்த அரசுப் பள்ளிகளின் உயர் வகுப்புகள் 2023-24இல் சி.பி.எஸ்.இ.க்கு மாறின. முதல் அணி 2025இல் பொதுத்தேர்வு எழுதியது. அந்தத் திட்டத்தின்படி பத்தாம் வகுப்பு ஆங்கில எழுத்துத் தேர்வின் 80 மதிப்பெண்ணில் 20 வாசித்தலுக்கு. கேட்டலும் பேச்சும் சேர்ந்து வெறும் 5. அதுவும் பள்ளியே போடும் உள்மதிப்பீடு. பன்னிரண்டாம் வகுப்பில் வாசித்தலுக்கு 22, கேட்டலுக்கு 5, பேச்சுக்கு 5.

இதில் பாராட்ட வேண்டியது உண்டு. வாசித்தல் பகுதியில் வரும் முன்பின் பார்க்காத பத்தியை எந்த நோட்ஸிலும் மனப்பாடம் செய்துவிட முடியாது. கேள்வி-பதிலை நெட்டுருப் போட்டே ஆங்கிலத்தைக் கடந்த பிள்ளை இப்போது வரிக்கு வரி அர்த்தம் தேட வேண்டியிருக்கிறது. ஆனால் பத்தி எதைப் பற்றியது என்பதும் விடையைத் தீர்மானிக்கிறது. 2011 டிசம்பர் 30இல் கரையைக் கடந்த தானே புயலைப் பற்றி வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குச் சூறாவளிப் பத்தி பாதி தெரிந்த கதை. பனிச்சறுக்கைப் பற்றிய பத்தியில் அதே பிள்ளை திணறும். மொழியறிவு இரண்டிலும் ஒன்றே.

கேட்டல் தேர்வின் நிலை இன்னும் கவலைக்குரியது. வகுப்பு மிஸ்ஸே பத்தியை வாசித்து, மிஸ்ஸே திருத்தினால், தினமும் கேட்டுப் பழகிய குரல்தான் சோதிக்கப்படுகிறது. இன்டர்னல் மார்க் முழு மதிப்பெண்ணை ஒட்டியே நிற்கும் என்பது பெற்றோருக்கும் தெரியும். இதற்கு மாறாக, சீனாவின் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வான 'காவ்காவ்' தேர்வில் ஆங்கிலத்துக்குரிய 150இல் வழக்கமாகக் கேட்டலுக்கு 30. பதிவு செய்த ஒலியிலிருந்து 20 கேள்விகள். முதல் ஐந்து உரையாடல்கள் ஒரே முறைதான் ஒலிக்கும், மற்றவை இரண்டு முறை. அங்கே எடையும் உண்டு, எல்லோருக்கும் ஒரே குரலும் உண்டு.

சீன மாணவரோடு தமிழ் மாணவரை ஒப்பிடுவது வீண் வேலை இல்லை. மாண்டரின் சொற்கள் பெரும்பாலும் உயிரொலியிலோ மூக்கொலியிலோ முடிவதால், ஆங்கிலச் சொல்லின் கடைசி மெய் அந்தக் காதுக்கு எளிதில் நழுவும். தமிழ்க் காதுக்குக் குறில் நெடில் பிறவிச் சொத்து; 'ஷிப்', 'ஷீப்' குழப்பம் நமக்குக் குறைவு. நமக்குச் சிக்கல் வேறிடத்தில். முதுகு, பை, பொதி என்ற மூன்றுக்குமான ஆங்கிலச் சொற்களையும் தமிழில் எழுதினால் 'பேக்' என்று ஒரே வடிவம்தான் வருகிறது. இருவரும் ஒன்றாக இடறும் இடமும் உண்டு. 'நேற்று வந்த பையன்' என்று அடைமொழியை முன்னால் வைப்பது தமிழுக்கும் சீனத்துக்கும் பொது. ஆங்கிலம் பையனை முதலில் சொல்லிவிட்டு, அவன் நேற்று வந்ததைப் பின்னால் இழுத்து வருகிறது. நீண்ட வாக்கியத்தில் எழுவாய் எது என்று பிள்ளை தொலைந்துபோவது இங்கேதான். தவறு எழுத்தொலியாலா, சொல் தெரியாததாலா, வாக்கிய அமைப்பாலா என்பதை ஐந்துக்கு மூன்று என்ற எண் சொல்வதே இல்லை. தேர்வின் பெருங்குறை இது.

இன்னொரு சிக்கல், கேட்டல் தாளின் கேள்விகளும் ஆங்கிலத்திலேயே அச்சாவது. காதில் சரியாக விழுந்தும் கேள்வி புரியாமல் பிள்ளை தோற்கும். கொரியத் தாளில் கேள்வியைக் கொரிய மொழியிலேயே கேட்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பு வரையாவது இங்கே அதைத் தமிழில் கேட்கலாம்.

நல்ல முன்மாதிரிக்குச் சியோலுக்குப் போக வேண்டியதில்லை. தட்டாஞ்சாவடியிலிருந்து சில கிலோமீட்டரில், சுஃப்ரேன் வீதியில், 1889இல் தொடங்கிய அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது. அங்கே பிரெஞ்சு கற்பவர்கள் எழுதும் 'டெல்ஃப்' தேர்வில் கேட்டல், வாசித்தல், எழுத்து, பேச்சு நான்குக்கும் தலா 25. மொத்தத்தில் 50 எடுத்தாலும், ஏதேனும் ஒன்றில் 5க்குக் கீழே போனால் தேர்ச்சி இல்லை. ஒரே ஊரில் பிரெஞ்சுக்குக் காது நாலில் ஒரு பங்கு. பத்தாம் வகுப்பு ஆங்கிலத்துக்கு நூறில் ஐந்துகூட முழுசாக இல்லை. பொதுத்தேர்வின் எடையைப் புதுச்சேரி தனியாக மாற்ற முடியாது. ஆனால் பிள்ளைகள் கேட்டறியாத நாலைந்து குரல்களில் ஒரே ஒலிப்பதிவைத் தயாரித்து, எல்லா அரசுப் பள்ளிகளுக்கும் அனுப்பி, ஒரு பள்ளித் தாளை இன்னொரு பள்ளி ஆசிரியர் திருத்தும்படி செய்யலாம். அதற்கு வேண்டியது ஒரு ஒலிபெருக்கியும், சாலைப் பக்கம் ஜன்னல் இல்லாத ஓர் அறையும்.