நாயகனைக் கலாய்த்தால் போதுமா?

அங்கதம் பற்றிய பாடம் வரும்போதெல்லாம் என் வகுப்பில் ஒரு சண்டை வரும். வரட்டும் என்று நானும் விட்டுவிடுவேன். வெளிப்படையாகப் பழிப்பது செம்பொருள் அங்கதம், பழியை மறைத்துச் சொல்வது பழிகரப்பு அங்கதம் என்று தொல்காப்பியம் பிரித்திருப்பதைச் சொல்லிவிட்டு, இன்றைய உதாரணம் ஒன்று சொல்லுங்கள் என்பேன். “தமிழ்ப் படம்” என்று பாதி வகுப்பு கத்தும். மீதிப் பாதிக்கு அது பிடிக்காது. “எந்திரன் மாதிரி ஒரு படம் எடுத்துட்டு வந்து அப்புறம் கலாய்க்கச் சொல்லுங்க மேம்” என்று எழுந்து நிற்பார்கள். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்ப் பெண்கள். ரஜினியை விட்டுக்கொடுக்காத வீடுகளிலிருந்து வருகிறவர்கள். கலாய்ப்பதையும் தாய்ப்பாலோடு குடித்தவர்கள்.

இந்தச் சண்டையில் ஒரு வேடிக்கை உண்டு. சி.எஸ். அமுதன் இயக்கிய ‘தமிழ்ப் படம்’ 2010 ஜனவரியில் வந்தது. ஷங்கரின் ‘எந்திரன்’ அதே ஆண்டு அக்டோபரில். ‘தமிழ்ப் படம் 2’ வந்தது 2018 ஜூலையில், ‘2.0’ நவம்பரில். இரண்டு முறையும் பகடி முந்திக்கொண்டது. ‘2.0’ திரைக்கு வருமுன்பே அதன் பறவை மனிதனின் தோற்றத்தைச் சதீஷுக்குப் போட்டு விளம்பரமும் செய்துவிட்டார்கள். “வராத படத்தைக் கலாய்க்கறது நியாயமா?” என்று ஒருத்தி கேட்டாள். “வரணுமா இன்னா? ஹீரோ இன்னா பண்ணுவாருன்னு எங்களுக்குத் தெரியாதா?” என்றாள் பின்வரிசைக்காரி. பகடி குறித்து நான் படித்த பல கட்டுரைகளைவிட இது தெளிவாக இருந்தது. பகடி ஒரு படத்தைக் கேலி செய்வதில்லை. பழக்கத்தைக் கேலி செய்கிறது. ‘எந்திரன்’ அந்தப் பழக்கத்தின் உச்சம். அதில் விஞ்ஞானியும் ரஜினி, இயந்திரமும் ரஜினி, கடைசியில் படையெடுத்து வரும் நூற்றுக்கணக்கான இயந்திரங்களும் ரஜினி.

ஒருமுறை இரு கட்சியையும் பேசவிட்டு, பேச்சில் வந்த பெயர்களைக் கரும்பலகையில் எழுதினேன். வசீகரன், சிட்டி, ஷங்கர், சிவா, அமுதன், ரஹ்மான். கிராஃபிக்ஸ் எப்படி, பஞ்ச் டயலாக் எப்படி, எதில் லாஜிக் குறைவு என்று அரைமணி நேரம் ஓடியது. சனாவின் பெயர் ஒரே ஒரு முறைதான் வந்தது, அதுவும் ஒரு பாட்டைக் குறிப்பிட. வகுப்பில் இருந்த அத்தனை பேரும் பெண்கள். திருவொற்றியூர் தேரடிப் பக்கம் டீக்கடையில் என் தம்பியும் அவன் நண்பர்களும் 2010-ல் போட்ட சண்டையும் இதே சண்டைதான். ஆண்கள் நடத்திய விவாதத்தின் விதிகளை நாங்கள் அப்படியே வாங்கிக்கொண்டிருக்கிறோம்: நாயகன் பெரியவனா, அவனைக் கேலி செய்தவன் பெரியவனா? எந்தப் பக்கம் நின்றாலும் நடுவில் நிற்பது அவன்தான்.

அந்த விதிகளுக்கு வெளியே முதலில் கேள்வி கேட்டவர் என் அம்மா. குடும்பத்தோடு ‘எந்திரன்’ பார்த்துவிட்டு வந்த இரவு. தீப்பற்றிய கட்டடத்திலிருந்து சிட்டி எல்லோரையும் காப்பாற்றும் காட்சி நினைவிருக்கும். குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து கூட்டத்தின் நடுவே, கேமராக்களின் முன்னே நிறுத்துகிறது. அவள் கூனிக்குறுகி ஓடி, வண்டியில் அடிபட்டுச் சாகிறாள். இயந்திரத்துக்கு மனித உணர்வு புரியாது என்று நிரூபிக்க வைத்த காட்சி. தம்பி அதைத்தான் விளக்கிக்கொண்டிருந்தான். அம்மா சோறு போட்டுக்கொண்டே சொன்னார்: “மிஷினுக்குத் தெரியல, சரி. கேமராவப் புடிச்சிக்கினு நின்னானுங்களே, அவனுங்களுக்குமா தெரியல?”

பதினைந்து ஆண்டுகளாக நான் இந்தக் கேள்வியோடுதான் அந்தப் படத்தைப் பார்க்கிறேன். அந்தப் பெண்ணைக் கொன்றது உணர்வில்லாத இயந்திரமல்ல. உணர்வுள்ள மனிதர்களின் பார்வை. படம் அந்தப் பார்வையை விசாரிப்பதில்லை. மாறாக, இயந்திரத்தைத் திருத்தப் போகிறது. வசீகரன் அதற்கு உணர்வு ஊட்டுகிறார். உணர்வு வந்ததும் நடப்பது என்ன? பிரசவம் பார்த்ததற்காக நன்றியோடு சனா கொடுத்த முத்தத்தை அது காதலாக எடுத்துக்கொள்கிறது; பிறகு அவளைக் கடத்திக்கொண்டு போகிறது. ஒரு பெண்ணின் சாவில் தொடங்கிய பாடம், இன்னொரு பெண்ணை உடைமையாக்கும் ஆசையில் முடிகிறது. மனித உணர்வு என்று படம் எதைக் கருதுகிறது என்பதற்கு இதைவிட நேரான வாக்குமூலம் வேண்டாம். செத்த பெண்ணை அதன்பின் யாரும் நினைப்பதில்லை. அவள் ஒரு சோதனையின் தோல்விக் குறிப்பு, அவ்வளவுதான்.

தமிழ் அறிவியல் புனைவு எப்போதும் இப்படித்தான் இருந்ததா என்று தேடிப் பார்த்தால் வியப்பு காத்திருக்கிறது. 1963-ல் வந்த ‘கலை அரசி’யில் வேற்றுக்கிரகவாசிகள் பூமிக்கு வருகிறார்கள். அறிவியலில் முன்னேறிய அவர்களிடம் கலை இல்லை. ஆகவே இசை தெரிந்த ஒரு பெண்ணைக் கடத்திப் போகிறார்கள். பானுமதி நடித்த பாத்திரம் அது. மீட்க எம்.ஜி.ஆர். போகிறார். கடத்தலும் மீட்பும் அப்போதே இருந்தன. ஆனால் அவளிடம் ஒரு கிரகத்துக்கே இல்லாத வித்தை இருந்தது. அதற்காகத்தான் அவள் கடத்தப்பட்டாள். சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில் கதையைத் தாங்குகிறவள் நிலா, ஜீனோ என்ற இயந்திர நாய் அவளுக்குத் துணை. ‘2.0’-இலும் ஒரு நிலா இருக்கிறாள். ஆனால் இந்த நிலாவே இயந்திரம். வசீகரனின் உதவியாளராக உருவாக்கப்பட்ட, எமி ஜாக்ஸனின் உடல்கொண்ட பொம்மை. பெயர் ஒற்றுமை தற்செயலாக இருக்கலாம், இறக்கம் தற்செயல் இல்லை. சனாவுக்கு அதில் உடலே கிடையாது. தொலைபேசியில் வரும் குரல் மட்டும். கைப்பேசி உயிர்களைக் கொல்கிறது என்று சொல்லும் படம், தன் கதாநாயகியைக் கைப்பேசிக்குள் அடைத்துவைத்திருப்பதை யாரும் கலாய்க்கவில்லை. பகடிக்காரர்களும்தான்.

பகடிக்கு வருகிறேன். ‘தமிழ்ப் படம்’ எனக்குப் பிடித்த படம். அதன் தொடக்கம் இன்றும் என்னைச் சிரிக்கவைத்துச் சங்கடப்படுத்துகிறது. பாரதிராஜாவின் ‘கருத்தம்மா’ (1994) பெண் சிசுக்கொலையைச் சொன்ன படம். தமிழகத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல்தான் தொடங்கியிருந்தது. அது பழங்கதை அல்ல. அமுதன் அதைத் தலைகீழாக்குகிறார். அவருடைய சினிமாப்பட்டியில் ஆண் சிசுக்களைக் கொல்கிறார்கள், வளர்ந்தால் ஹீரோவாகிவிடுவார்கள் என்பதால். நாயகன் என்ற வகையே ஊருக்குக் கேடு என்று இவ்வளவு சுருக்கமாக வேறெந்தத் தமிழ்ப் படமும் சொன்னதில்லை. பெண்ணியப் பகடிக்கு மிக அருகில் வந்த கணம் அது.

ஆனால் அருகில் வந்து நின்றுவிட்டது. குழந்தையைப் பாட்டி காப்பாற்றிச் சென்னைக்குக் கொண்டுபோகிறார், ஏனென்றால் பகடிக்கும் நாயகன் வேண்டும். மேலும், அரங்கம் சிரித்தபோது தலைகீழாகிப்போனது யாருடைய துயரம்? ஆண் குழந்தைக்கு விஷப்பால் என்பது சிரிப்பாவது, பெண் குழந்தைக்கு அது நடந்தது என்று நமக்குத் தெரிந்திருப்பதால்தான். அந்தத் தெரிதலை இரவல் வாங்கிய படம், அதைத் திருப்பிக்கொடுக்கவில்லை. ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். இறுதியில் எல்லாக் குற்றங்களுக்கும் பின்னிருந்த ‘டி’ யாரென்றால், அந்தப் பாட்டிதான். பேரனை நாயகனாக்க அவரே எல்லாவற்றையும் செய்திருக்கிறார். பரவை முனியம்மா அந்த வேடத்தில் சிரிக்காமல் உட்கார்ந்திருப்பார். ஆண் நாயகத்தைத் தாங்கிப்பிடிக்கும் பெண்களின் உழைப்பு பற்றி நான் எழுத நினைத்ததையெல்லாம் அந்த ஒரு திருப்பம் சொல்லிவிட்டது. இரண்டாம் பாகத்தில் அந்தக் கூர்மையும் இல்லை. நாயகனின் மனைவி தொடக்கத்திலேயே கொல்லப்படுகிறாள், அவன் பழிவாங்கக் காரணம் வேண்டும் என்பதற்காக. அந்தப் பழக்கத்தைக் கேலி செய்கிறோம் என்பார்கள். கேலிக்காகவும் செத்தது அவள்தானே.

ஆக, மூலமா பகடியா எது சிறந்தது என்று கேட்பதில் எனக்கு ஆர்வம் போய்விட்டது. வேறொரு கேள்வி இருக்கிறது: இந்த வியப்புக்கும் இந்தச் சிரிப்புக்கும் விலை கொடுப்பது யார்?

இந்தக் கேள்வியைத் தமிழில் முதலில் கேட்டது நாமல்ல. புறநானூற்றின் 95ஆம் பாட்டை அங்கதத்துக்கு எடுத்துக்காட்டாக எல்லோரும் படித்திருப்போம். அதியமானுக்காகத் தூது போன ஔவையாருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். இங்கே ஆயுதங்கள் பீலி அணிந்து, மாலை சூட்டப்பட்டு, நெய் பூசிக் காவலோடு இருக்கின்றன. என் தலைவனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் உலைக்கூடத்தில் கிடக்கின்றன என்கிறார் ஔவை. பழிகரப்பு. நான் வகுப்பில் அழுத்திச் சொல்வது, அவர் சிரித்தது மன்னனின் நடையையோ மீசையையோ பார்த்து அல்ல என்பதைத்தான். அவர் கருவியைப் பார்த்தார். பளபளக்கும் கருவிக்கும் புழங்கும் கருவிக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்த்தார். சிட்டியும் ராணுவத்துக்குக் கொடுப்பதற்காகச் செய்யப்பட்ட ஆயுதம்தான். நம் பகடிப் படங்கள் கண்ணாடியைச் சுழற்றும் கையைக் கேலி செய்தன. கருவியின் பக்கம் திரும்பவே இல்லை.

திரும்பியது ஒரு மாணவி. எண்ணூர்க்காரி, அதிகம் பேசாதவள். மின்சார ரயில் சண்டைக் காட்சியைப் பற்றி மற்றவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது சொன்னாள்: “சிட்டிக்குச் சார்ஜ் ஏர்ற கரண்ட் எங்க ஊர்லேர்ந்துதான் மேம் போவுது. சாம்பல் மட்டும் எங்களுக்கு.” வகுப்பு வெடித்துச் சிரித்தது. பிறகு அமைதியானது.

அவள் சொன்னது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தின் சாம்பல், குழாய் உடைந்து கொசஸ்தலையாற்றில் கலந்து படிந்து கிடக்கிறது. அந்தக் கழிமுகத்தில் தண்ணீருக்குள் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்களில் பெண்களும் உண்டு. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்க் கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. செவ்வாய்க்கு விண்கலம் அனுப்பிய நாட்டில் அதை வாளியால் மொண்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மறுபடி எண்ணெய் வந்தபோதும் மீனவர்கள் கையில் வாளிதான் இருந்தது. கூழைக்கடாக்களின் இறகில் எண்ணெய் அப்பியிருந்தது. பறவைகளுக்காகப் பழிவாங்க எழும் பட்சிராஜனை ‘2.0’-இல் பார்த்து உச்சுக்கொட்டியவர்கள் நாம்தான். அந்த மாதக் கடைசியில், ஒரு நள்ளிரவில், பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தது. மூச்சுத் திணறி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். மறுநாள் சாலையில் உட்கார்ந்த பெண்களின் போராட்டம் மாதக்கணக்கில் நீடித்தது.

இதற்கு மேல் என்ன அறிவியல் புனைவு வேண்டும்? இயந்திரம் எல்லை மீறினால் என்ன ஆகும் என்று கோடிகளைக் கொட்டிக் கற்பனை செய்கிறார்கள்; அது நடந்துகொண்டிருக்கும் கரையில் ஒரு வாளி இருக்கிறது. எண்ணூர் மாணவியின் ஒற்றை வரி, வியக்கும் படத்தையும் சிரிக்கும் படத்தையும் ஒருசேரத் தாண்டிப் போனது, அது கருவியின் பக்கம் திரும்பியதால். நுனி முறிந்த வேலைப் பார்த்துப் பெருமைப்பட்ட ஔவைக்கு இந்த வாளி எதைச் சொல்லியிருக்கும் என்று யோசிக்கிறேன். அது அதியமானின் வேல் அல்ல. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் புழங்கும் கருவி யார் கையில் இருக்கிறது என்பதை அவர் நிச்சயம் கவனித்திருப்பார்.

‘எந்திரன்’ முடியும்போது 2030ஆம் ஆண்டின் அருங்காட்சியகம் ஒன்று வரும். கழற்றிப் போடப்பட்ட சிட்டி கண்ணாடிப் பெட்டிக்குள், தொண்டைமானின் ஆயுதம்போல, பளபளப்பாக இருக்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பார்க்க வருவார்கள். அதை ஏன் கழற்றினார்கள் என்று ஒரு சிறுமி கேட்பாள். சிந்திக்கத் தொடங்கிவிட்டதால் என்று பதில் வரும். அரங்கம் கைதட்டும். எனக்கு அந்தப் பதிலைவிடக் கேட்டவள்மேல்தான் அக்கறை. அவளை மேலும் இரண்டு கேள்வி கேட்கவிட்டிருக்கலாம்: தீயிலிருந்து தூக்கி வந்தீர்களே, அந்த அக்காவின் படமும் இந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறதா? இதற்குக் கரண்ட் எங்கிருந்து வந்தது?

2030 தூரத்தில் இல்லை. அந்தச் சிறுமிகள் இப்போதே என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த ஆண்டும் சண்டை வரும். கரும்பலகையில் பெயர்களை எழுதுவேன். ஒரு பக்கம் வசீகரன், இன்னொரு பக்கம் சிவா. நடுவில் இடம் விட்டுவைப்பேன், அவர்கள் நிரப்பட்டும்.