வராதவர்களை எண்ணிய நூல்

சில ஆண்டுகளுக்கு முன் நெய்வேலிப் புத்தகக் கண்காட்சியில், தேர்வு வழிகாட்டிகளுக்கு நடுவே கிடந்த ஒரு நூலை வாங்கினேன். ‘எங்களை ஏன் டீச்சர் ஃபெயிலாக்கினீங்க?’ என்பது அதன் தலைப்பு. சிறுவர் நாடகமாக இருக்கும் என்றே எண்ணினேன். வீட்டில் வந்து புரட்டிய பிறகுதான், அது பள்ளிக்கூடத்தின்மீது மாணவர்களே எழுதிய குற்றப்பத்திரிகை என்று விளங்கிற்று.

இத்தாலியில் பிளாரன்ஸ் நகருக்கு வடக்கே மலைமேல் அமைந்த சிற்றூர் பார்பியானா. அவ்வூர்ப் பள்ளியின் எட்டு மாணவர்கள் சேர்ந்து எழுதி, 1967-இல் வெளிவந்த நூல் இது. ‘ஓர் ஆசிரியைக்குக் கடிதம்’ என்பது மூலத்தின் பெயர். அவர்களைப் பயிற்றுவித்தவர் அருள்தந்தை லொரென்சோ மிலானி. 1954 டிசம்பரில் அவர் பங்குத்தந்தையாக அங்கு அனுப்பப்பட்டபோது ஊருக்குச் சாலையும் இல்லை, மின்விளக்கும் இல்லை. நூல் வெளிவந்த சில வாரங்களில், ஜூன் 26 அன்று, 44-ஆம் வயதில் அவர் இறந்தார்.

நூலில் இரண்டு சிறுவர்கள் வருகிறார்கள். மருத்துவரின் மகன் பியரினோ, பள்ளியில் சேரும்போதே எழுதப் படிக்கத் தெரிந்தவன். ஜான்னி ஏழைவீட்டுப் பிள்ளை. அவன் பேச்சே பள்ளிக்குப் பிழையாகப் படுகிறது. பிள்ளைகள் சமமான சொற்களோடு பள்ளிக்கு வருவதில்லை. பள்ளியோ ஒரு வீட்டின் பேச்சை மொழி என்றும், மற்றொரு வீட்டின் பேச்சைக் குறை என்றும் கொள்கிறது. குழந்தை மொழி பற்றி ஆய்வாளர்கள் விரிவாக எழுதிய இவ்வுண்மையை அந்த எட்டுப் பேரும் பட்டறிவால் கண்டுகொண்டார்கள்.

ஆயினும் இந்நூலை வெறும் புலம்பலாகாமல் காப்பது அதன் கணக்கு. 1962-ஆம் ஆண்டின் சட்டம் 14 வயதுவரை உள்ள பள்ளியை அனைவருக்கும் ஒன்றாக்கியிருந்தது. அப்படியிருந்தும் எத்தனை பேர் தோற்றார்கள், எத்தனை பேர் இடையில் நின்றார்கள், அவர்களுடைய தந்தையர் என்ன தொழில் செய்தார்கள் என்று இச்சிறுவர்கள் திரட்டினார்கள், வரைபடமாகத் தீட்டினார்கள். இயற்பியல் அறிஞர்களுக்கு உரிய பரிசொன்றை இத்தாலிய இயற்பியல் கழகம் இப்புள்ளிவிவரத்துக்காக இந்நூலுக்கு வழங்கியது.

மிலானிக்கு இப்பழக்கம் புதிதன்று. 1958-இல் வெளிவந்த தம் மேய்ப்புப்பணி அனுபவ நூலிலேயே பங்கு மக்களின் கல்வி நிலையை எண்ணிக்கையோடு ஆராய்ந்திருந்தார். அந்நூலை அவ்வாண்டே விற்பனையிலிருந்து விலக்குமாறு உரோமை ஆணையிட்டது. 2017 ஜூன் 20 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் பார்பியானா சென்று அவர் கல்லறையில் செபித்தார். அரை நூற்றாண்டுத் தாமதம், பரவாயில்லை.

தமிழ்த் தலைப்பில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அது காதுக்கு இனிது, ஆனால் கெஞ்சுகிறது. மூலத்தின் சிறுவர்கள் கெஞ்சவில்லை, வழக்காடுகிறார்கள். அவ்வழக்கும் முற்றிலும் நேர்மையானதன்று. ஓர் அமைப்பு முழுவதின் பாவத்தையும் ஒற்றை ஆசிரியை சுமக்கிறார். அவர் பதில் சொல்ல ஒரு பக்கமும் தரப்படவில்லை. விடுமுறையே அறியாத பார்பியானாவின் கடுமையை நம் பிள்ளைகளுக்கு நான் விரும்பமாட்டேன்.

நெய்வேலியில் இருந்து படிக்கும்போது இந்நூல் வேறு விதமாய் உறைக்கிறது. 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் அமைந்தது. சுற்றுக் கிராமங்கள் நிலம் கொடுத்தன. வட்டம் வட்டமாக நகரியம் எழுந்தது. மின்சாரம் பிறக்கும் இவ்வூரில் பியரினோக்களுக்குக் குறைவில்லை. ஜான்னிகளைப் பார்க்க ஒப்பந்தத் தொழிலாளர் தெருக்களுக்குப் போகவேண்டும். என் மறைக்கல்வி வகுப்பிலும் ஒருவன் இருந்தான். வாசகத்தை வாசிக்கச் சொன்னால் வாய் திறக்கமாட்டான். ‘சொல்வளம் குறைவு’ என்று குறித்து வைத்தேன். ஒருநாள் மரத்தடியில், சுரங்கத்தின் சக்கர எந்திரம் மேல்மண்ணை வாரிக் கன்வேயர் பெல்ட்டில் கொட்டும் விதத்தைத் தோழர்களுக்கு அவன் விளக்கிக்கொண்டிருந்தான். அவன் பேச்சில் நான் அறியாத சொற்களே ஆறேழு இருந்தன.

நம் காலத்து ஆய்வுகளும் பள்ளிச் சுவரைத் தாண்டத் தொடங்கியுள்ளன. பெருந்தொற்றுக்குப் பின், 2021 அக்டோபரில் மரக்காணம் அருகே ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கப்பட்டது. கார்த்திக் முரளிதரனும் உடன் ஆய்வாளர் இருவரும் தமிழகக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைச் சோதித்தார்கள். இழந்த கற்றலில் மூன்றில் இரு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதங்களில் மீண்டது. அம்மீட்சியில் ஏறக்குறைய கால்பங்கு இம்மாலை வகுப்புகளால் வந்தது என்று கண்டார்கள். இதில் என்னைக் கவர்ந்தது முடிவைவிட முறையே. அவர்கள் பிள்ளைகளை வீட்டில் சென்று சோதித்தார்கள். பள்ளியில் மட்டும் தேடியிருந்தால், வராத பிள்ளை கணக்கிலேயே வந்திராது. ஆனால் எந்தத் தெருவில் எந்தப் பிள்ளை என்பதை அத்தகைய பெரிய ஆய்வு நமக்குச் சொல்லாது. அந்த எண்ணிக்கையை அவ்வூராரே எடுக்கவேண்டும் என்பதில் பார்பியானாவின் சிறுவர்களோடு நான் முழுவதும் உடன்படுகிறேன்.

கடந்த கோடையில் நாங்கள் நால்வர் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அத்தெருக்களுக்குப் போனோம். பள்ளிக்கோ மறைக்கல்விக்கோ வராமல் நின்றுபோன பிள்ளைகளின் பெயர், வயது, பெற்றோரின் வேலை, வீட்டில் பேசும் மொழி ஆகியவற்றை எழுதினோம். முதல் ஞாயிறன்றே முதல் பக்கம் நிரம்பிற்று. அவற்றுள் சில, என் வகுப்புப் பதிவேட்டிலிருந்து நானே அடித்துவிட்ட பெயர்கள்.