கலாயோகி தேடிய இல்லம்

கலாயோகி ஆனந்த குமாரசுவாமி அவர்களை யாழ்ப்பாணத்தார் நம்மவர் என்று உரிமை பாராட்டுவர். நடராச வடிவத்தின் உட்பொருளை மேனாட்டார்க்கு விளக்கிய பெருந்தகை அவர் என்பது நம் மேடைகளிற் பலகாற் கேட்ட புகழுரை. அப்புகழுரை பொய்யன்று. ஆயினும் அப்பெரியார் தமிழ்ச் சைவச் சூழலிற் பிறந்து வளர்ந்து அதனை விளக்கினாரல்லர். புறத்தே வளர்ந்து, உள்ளே புகும் வேட்கையினால் விளக்கினார். இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளாது அவர்தம் எழுத்துக்களைப் பயில்வோர்க்கு அவற்றின் ஆற்றலும் புலப்படாது, குறையும் புலப்படாது என்பது என் துணிபு.

அவர் 1877 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22 ஆம் நாள் கொழும்பிற் பிறந்தார். தந்தையார் சேர் முத்துக்குமாரசுவாமி, பருத்தித்துறைப் பகுதியினின்று கொழும்பிற் குடியேறிய குடும்பத்தவர். சட்டநிரூபண சபை உறுப்பினர். அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்திற் பெயர்த்தவர். பாளி நூல்களையும் பெயர்த்தவர். தாயார் எலிசபெத் பீபி என்னும் ஆங்கில மாது. அவர் கென்ற் மாகாணத்தவராதலின் மைந்தரின் பெயர் நடுவே கென்றிஷ் என்னுஞ் சொல்லும் இடம் பெற்றது. புத்தர்பிரானின் சீடரை நினைவூட்டும் பெயர் முன்னே, தாயின் மாகாணம் நடுவே, முருகன் திருநாமம் ஈற்றிலே. பெயரிலேயே மூன்று உலகங்கள்! 1879 இல் குழந்தையும் தாயும் இங்கிலாந்தில் இருந்தனர். அவர்களிடம் செல்லக் கப்பலேறவிருந்த நாளிலே தந்தையார் கொழும்பிற் காலமானார். இரண்டு வயதிலே தந்தையும், தந்தை வழி வந்திருக்கவேண்டிய தமிழும் ஒருங்கே அகன்றன.

அதே 1879 இல் நாவலர் பெருமானும் மறைந்தார் என்பதை ஈண்டு நினைத்தல் தகும். நாவலரும் பாதிரிமார் பாடசாலையிற் கற்று, பேர்சிவல் பாதிரியாருடன் விவிலியத்தைத் தமிழ்ப்படுத்தியவர். எனினும் அவர் மீண்டு வந்த வழி குறுகியது. நல்லூரிலே வீடு இருந்தது. நாவிலே தமிழ் இருந்தது. 1848 இலே பாடசாலையைத் தொடங்கினார். குமாரசுவாமிக்கோ மீளும் வழியையே தாமாக அமைத்துக்கொள்ளவேண்டியிருந்தது.

அவர் அதனை அமைத்தவாறு வியக்கத்தக்கது. இலண்டனில் நிலவியலும் தாவரவியலும் கற்றுத் தேர்ந்து, 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருளாய்வுத் துறைக்குத் தலைவராய் இருந்தார். கற்களைத் தேடிக் கிராமங்களில் நடந்தவரின் கண்ணிற் பட்டன கைவினைஞரின் பட்டறைகள். அந்நிய மோகத்தாற் கலைகள் அழிவது கண்டு 1905 இற் சமூகச் சீர்திருத்தச் சங்கம் கண்டார். 1908 இல் வெளிவந்த அவரது பெருநூல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றியது. யாழ்ப்பாணக் குடும்பத்தவர் ஒருவர் தாயகந் தேடிப் புறப்பட்டு முதலிற் கண்டியிலே தங்கினார் என்பது நம்மிற் பலர் விரைந்து கடந்து செல்லும் செய்தி. கடந்து செல்லுதல் முறையன்று. சிங்களக் கைவினைஞரின் கருவிகளையும் கோலங்களையும் அத்துணை அன்போடு பதிவு செய்தவர் இனவழியால் தம் இல்லத்தை வரையறுத்தவராகார்.

சைவத்திற்கு அவர் வந்தது அதன்பின்னர். சிவ நடனம் பற்றிய புகழ்பெற்ற கட்டுரை 1918 இல் நியூயோர்க்கில் வெளிவந்த நூலினாலே உலகறிந்ததாயிற்று. ஆயின் அது முதன்முதல் வெளிவந்தது 1912 இலே, தமிழ்நாட்டுச் சைவர் ஆங்கிலத்தில் நடாத்திய சித்தாந்த தீபிகை என்னும் இதழில். ஆகவே அது மேனாட்டார்க்கென்றே எழுதப்பட்டதெனல் பொருந்தாது. நம்மவர் முன்னே ஒருவர் வந்து, யான் உங்கள் வீட்டை இவ்வாறு கண்டேன், சரிதானா என வினவுவது போன்றது அது. திருமந்திரமும் உண்மை விளக்கமும் திருவருட்பயனும் அதன் ஆதாரங்கள். அவையெல்லாம் ஆங்கில வடிவிலே வருகின்றன. சில, நல்லசாமிப்பிள்ளையின் மொழிபெயர்ப்பு. பிள்ளைப் பருவத்திலே தாய் மடியிற் கேட்ட திருமுறையன்று, அச்சிட்ட ஏட்டிலே தேடிக் கண்ட திருமுறை அது.

இதனைக் குறையெனச் சொல்வார் உளர். யான் அவ்வாறு கொள்ளேன். நாள்தோறும் காண்பாரின் கண் பழக்கத்தால் மங்கும். துடியும் தீயும் தூக்கிய திருவடியும் ஐந்தொழிலைக் குறிக்குமென நாம் சிறுவயதில் மனனஞ் செய்தோம். அவற்றை ஒரு முழுமையாகக் கண்டு வியந்தது புறத்திருந்து வந்த கண். வெளிவாரி மாணவனாகப் பட்டப் பரீட்சைக்குப் படித்த நாளில் அக்கட்டுரையை ஆங்கிலத்திலேயே முதலிற் படித்தேன். நல்லூரிலே பன்முறை பார்த்த நடராச வடிவத்தை அதன்பின்னரே நின்று பார்த்தேன். இவ்வனுபவம் எனக்கு மட்டும் உரியதன்று என்றே நினைக்கின்றேன்.

அக்கட்டுரை முடிவில் அவர் மூன்று பொருள்களைத் தொகுக்கின்றார்: நடனம் அண்டத்து இயக்கமனைத்திற்கும் மூலம், உயிர்களைத் தளையினின்று விடுவித்தல் அதன் நோக்கம், அது நிகழும் சிதம்பரம் உள்ளத்தின் உள்ளே உளது. மூன்றாவது கருத்து நம் நூல்களிற் பழையது. ஆயினும் அவர் வாயில் அதற்குத் தனியொரு கனம் உண்டு. இரு நாட்டிலும் முழுவதும் சேராத ஒருவர்க்கு, உள்ளத்தே உள்ள தில்லை தத்துவம் மட்டுமன்று; தங்குமிடமுமாகும்.

குறை வேறிடத்தில் உளது. இல்லந் தேடுவோர் இல்லத்தின் இருண்ட அறைகளைக் காண விரும்பார். பழைய சமுதாய அமைப்பைக் குமாரசுவாமி எழுதும்போது, ஒவ்வொருவரும் தத்தம் தொழிலில் நிறைவெய்திய ஓர் ஒழுங்காகவே சாதி தோன்றுகின்றது. அவ்வொழுங்கின் கீழ்ப்படியில் நின்றவர் சொல்லை அவர் கேட்டதாகத் தெரியவில்லை. அவர் மறைந்து இருபத்தொரு ஆண்டுகளின் பின்னும், 1968 இல், மாவிட்டபுரத்திலே கோயிலுள் நுழையும் உரிமைக்காக மக்கள் போராடவேண்டியிருந்தது. கடல் கடந்து ஆங்கில நூல் வழியாக வந்தவர்க்குத் திறந்த கதவு, கோயில் வீதியிலேயே பிறந்தவர்க்கு மூடியிருந்தது. கலாயோகியைப் போற்றும் நம் விழாக்களில் இச்செய்தி சொல்லப்படுவதில்லை; அவர் எழுத்தின் எடையை அறிய இதனையும் தராசில் இடுதல் வேண்டும்.

பிற்கால வரலாறு சுருக்கமாகக் கூறத்தக்கது. 1917 இற் போஸ்டன் நுண்கலைக் கூடத்தில் அமர்ந்தார். முப்பது ஆண்டுகள் அங்கேயே பணியாற்றினார். அக்காலத்து எழுத்துக்களில் வேதமும் பிளேட்டோவும் கிறித்தவ ஞானியரும் ஒரே உண்மையின் சாட்சிகளாக அருகருகே நிற்கின்றனர். இல்லம் என்பது இடப்பெயரே இல்லாத ஒன்றாய் விரிந்துவிட்டது போலத் தோன்றும். அவ்வெழுத்துக்களின் நுட்பம் பெரிது. எனினும் 1908 ஆம் ஆண்டு நூலிலே உள்ள பட்டறைச் சூடு அவற்றில் இல்லை.

இடப்பெயர் இல்லாத இல்லம் அவர்க்குப் போதியதாயிற்றா? 1947 ஆகஸ்ட் 22 இல், எழுபதாவது பிறந்த நாளில், பாரதம் விடுதலை பெற்ற ஏழாம் நாள், போஸ்டனில் அன்பர் முன் அவர் ஆற்றிய உரை இதற்கு விடை பகரும். அடுத்த ஆண்டு மனைவியாருடன் இந்தியாவிற்கு மீளப்போவதாகவும், அது நிரந்தரமாகவே எனவும் அறிவித்தார். மைந்தர் அதற்கு முன்னரே அங்கு சென்று குருகுலமொன்றிற் கற்றுக்கொண்டிருந்தார். சிதம்பரம் உள்ளத்தே உளதென்று எழுதியவர் எழுபது வயதிலே மண்ணை நாடினார். அம்மண்ணும் பருத்தித்துறையன்று, கொழும்புமன்று. புறப்பாடு நிகழவில்லை. செப்டெம்பர் 9 ஆம் நாள், போஸ்டனையடுத்த நீடம் என்னும் ஊரிலே அவர் உயிர் பிரிந்தது.