மெல்லிய திரைக்கு எந்தக் கம்பி?

ஃபர்னிஷிங் கடைகளில் திரை மாட்ட என்ன இருக்கிறது என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே சாமானைத்தான் எடுத்து வைக்கிறார்கள்: ஒரு இன்ச் ஸ்டீல் ராடு, அதைத் தாங்கப் பெரிய பிராக்கெட், இரண்டு முனைக்கும் உருண்டை நாப். வெயிலை முழுக்க அடைக்கும் கனத்த துணிக்கு அது பொருத்தம்தான். மல் துணியோ வாயில் துணியோ தொங்கவிட நினைக்கும் வீட்டில், அந்த ராடு திரையைவிட முன்னால் வந்து நிற்கும்.

துணியின் எடையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்தடி அகல ஜன்னலுக்கு, சுருக்கத்துக்காக இரண்டு மடங்கு அகலம் வைத்து, நாலரை அடி இறக்கத்தில் தைத்தால், சதுர மீட்டருக்கு 80 கிராம் உள்ள வாயில் துணி மொத்தம் 350 கிராமைத் தாண்டாது. இதற்கு ஒல்லியான சாமான் போதும். ஆனால் அதைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. ஸ்பிரிங் கம்பி, டென்ஷன் ராடு, வயர் ரோப் என மூன்றையும் வீட்டு ஜன்னல்களில் மாட்டிப் புழங்கிப் பார்த்தேன்.

வெள்ளை பிளாஸ்டிக் உறை போட்ட ஸ்பிரிங் கம்பி, மரச்சட்ட ஜன்னல்களில் பாதித் திரை போடும் வீடுகளுக்குப் பழக்கமானது. தெருமுனை ஹார்டுவேர் கடையிலேயே அடிக்கணக்கில் வெட்டித் தருவார்கள். முனைகளில் வளைய ஸ்க்ரூவைத் திருகி, சட்டத்தில் ஒரு கொக்கியில் மாட்டினால் வேலை முடிந்தது. அடிக்கு ஒரு இன்ச் குறைத்து வெட்ட வேண்டும். மூன்றடி இடைவெளிக்கு 33 இன்ச் கம்பி. அந்த இழுப்பில்தான் அது நேராக நிற்கும். மூன்றரை அடிவரை இதற்கு நல்ல மதிப்பெண் கொடுப்பேன். ஐந்தடிக்குப் போனால் எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் நடுவில் தொய்கிறது. இன்னொன்று, வெட்டிய முனையில் எஃகு வெளியே தெரியும். கடற்காற்று படும் வீட்டில் அங்கேதான் துரு தொடங்கி, வெள்ளைத் துணியில் பழுப்புக் கறையாக இறங்கும். வெட்டியவுடன் முனையில் ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்துவிடுங்கள்.

டென்ஷன் ராடு துளை போட முடியாத வாடகை வீட்டுக்கானது. ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு குழாய், உள்ளே ஸ்பிரிங், முனைகளில் ரப்பர். ஜன்னலின் உள்பக்கச் சுவர்களுக்கு நடுவே அழுத்தி நிறுத்த வேண்டியதுதான். டைல்ஸ் பதித்த சுவரிலும் சமையல் மேடைக்கு அடியிலும் அசையாமல் நிற்கிறது. சுண்ணாம்போ டிஸ்டம்பரோ அடித்த சுவரில் ரப்பருக்குப் பிடிப்பே இல்லை. பொடி உதிர்ந்து வழுக்கிவிடுகிறது. பெரிய குழாய் முடிந்து சின்னக் குழாய் தொடங்கும் படியில், இழுக்கும்போதெல்லாம் துணி சிக்குகிறது. அடிக்கடி திறந்து மூடும் திரைக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

மனசுக்குப் பிடித்தது மூன்றாவதுதான்: 2 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் வயர் ரோப். இதைத் திரைக் கடையில் கேட்டுப் பயனில்லை. சென்னை என்றால் பாரிமுனைப் பக்கம், கயிறும் செயினும் விற்கும் கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். 7×7 என்று கேளுங்கள். ஏழு இழைகள் கொண்ட புரி ஏழு சேர்ந்தது, போதுமான அளவு வளையும். கூடவே ஒரு சின்ன டர்ன்பக்கிள், இரண்டு வயர் கிளிப், இரண்டு வளைய ஸ்க்ரூ. கிளிப்பின் யூ வளைவு, மடித்துவிட்ட குட்டை முனைப் பக்கம் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால், சுமை ஏறும் கம்பியை அது கடித்து நசுக்கும். டர்ன்பக்கிளின் ஒரு பக்கம் வலது மரை, மறுபக்கம் இடது மரை என்பதால், நடு உடலைத் திருகினால் இரண்டு முனையும் உள்ளே வந்து கம்பி விறைக்கும்.

காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல ஸ்டீல் என்று சில கடைகளில் சொல்வார்கள். அதை நம்பிவிடாதீர்கள். 202 ரகத்திலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த அது, உப்புக் காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும். பில்லில் 304 என்று எழுதி வாங்குங்கள். கடலுக்கு மிக அருகில் என்றால், மாலிப்டினம் சேர்ந்த 316.

துணி கனமில்லை என்று சுவரில் பிடிமானத்தை அலட்சியமாக விட்டுவிடக் கூடாது. கம்பி நேராகத் தெரிய வேண்டுமென்றால் அதை இழுத்துத்தான் ஆக வேண்டும். எவ்வளவு நேராக வேண்டுமோ அவ்வளவு இழுப்பு. ஐந்தடிக் கம்பியில் 350 கிராம் துணி தொங்கி, நடுவில் மூன்று சென்டிமீட்டர் தொய்வு இருந்தால், முனைக் கொக்கியை இழுக்கும் விசை இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். அதே தொய்வை ஒரு சென்டிமீட்டராகக் குறைத்தால் ஆறரைக் கிலோ ஆகிவிடும். 200 கிலோ தாங்கும் கம்பிக்கு இது பெரிதல்ல. கெட்டியில்லாத பூச்சில் இறங்கிய பிளாஸ்டிக் பிளக் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். ஜன்னலுக்கு மேலே உள்ள கான்கிரீட் லிண்டலில் ஹேமர் ட்ரில் வைத்து, பூச்சைத் தாண்டி கான்கிரீட்டுக்குள் போகும்படி துளை போடச் சொல்லுங்கள். மரச்சட்டம் என்றால் ஸ்க்ரூவை நேராகவே இறக்கலாம். ஒரு சென்டிமீட்டர் தொய்வோடு நிறுத்திக்கொள்வது நல்லது. சுருக்கம் விழுந்த துணியில் அது கண்ணுக்குப் படாது.

கம்பியைவிடக் கடினமாகக் கிடைத்தது அதில் ஓடும் வளையம். கடைகளில் இருப்பது ஒரு இன்ச் ராடுக்கான பெரிய ரிங். மெல்லிய கம்பியில் அது அசிங்கமாகத் தொங்கும். தையல் சாமான் கடையில் 12 அல்லது 15 மில்லிமீட்டர் பித்தளை வளையம் கேளுங்கள். அதைத் திரையின் மேல் ஓரத்தில் நான்கு இன்ச்சுக்கு ஒன்றாகக் கையால் தைத்துக்கொண்டால், துணி தடையில்லாமல் ஓடும். துவைக்கும்போது வளையத்தோடு போடலாம். கம்பியில் கோக்க டர்ன்பக்கிளைத் தளர்த்தி ஒரு முனையைக் கொக்கியிலிருந்து கழற்ற வேண்டும். கழற்றிய முனை வளையத்துக்குள் நுழையும் அளவுக்கு இருக்கிறதா என்று, தைக்க உட்காருவதற்கு முன்பே கோத்துப் பார்த்துவிடுங்கள்.