விற்கும்போது மட்டும் வரும் அக்கறை

1984 டிசம்பர். பென்சில்வேனியாவின் லிமெரிக் அணுமின் நிலையத்தில் வேலை பார்த்த ஸ்டான்லி வாட்ரஸ் என்ற பொறியாளர் கதிர்வீச்சு அளக்கும் கருவியைக் கடக்கும்போதெல்லாம் அபாய மணி அலறியது. நிலையம் மின் விநியோகத்தையே தொடங்கியிருக்கவில்லை. கடைசியில் பார்த்தால், கதிரியக்கத்தை அவர் வீட்டிலிருந்துதான் சுமந்து வந்திருக்கிறார். மண்ணிலுள்ள யுரேனியம் படிப்படியாகச் சிதையும்போது பிறக்கும் ரேடான் வாயு, தரை விரிசல்கள் வழியே ஏறி வீட்டுக்குள் தங்கியிருந்தது. நிறமோ வாசனையோ இல்லாததால் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 21,000 நுரையீரல் புற்றுநோய் மரணங்களுக்கு ரேடான் காரணம் என்பது அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மதிப்பீடு. லிட்டர் காற்றுக்கு 4 பிக்கோகியூரியைத் தொட்டால் வீட்டைச் சரிசெய்யுங்கள் என்கிறது அது. சொல்வதோடு சரி, கட்டாயமில்லை. கட்டாயப்படுத்துவதா வேண்டாமா என்பது மாநிலங்களின் பாடு.

2008-இல் நடைமுறைக்கு வந்த இல்லினாய் மாநிலத்தின் ரேடான் விழிப்புணர்வுச் சட்டம் சாமர்த்தியமானது. வீட்டை விற்பவர், ரேடான் பற்றிய கையேட்டையும் தமக்குத் தெரிந்த பரிசோதனை முடிவுகளையும் வாங்குபவரிடம் கொடுக்க வேண்டும். பணம் கைமாறும் நேரத்தில்தான் மனிதர்கள் காதுகொடுப்பார்கள் என்பதைப் புரிந்துகொண்ட சட்டம் இது. வாங்குபவர் சோதனை கேட்பார். அளவு அதிகமென்றால் பேரம் பேசுவார். தரைக்கு அடியிலிருந்து ஒரு குழாயும், வாயுவை இழுத்துக் கூரைக்கு மேலே விடும் ஒரு விசிறியும் பொருத்தினால் பெரும்பாலும் போதும். வீட்டின் விலையோடு ஒப்பிட்டால் அது சில்லறைச் செலவு.

ஆனால் சட்டத்தின் ஓட்டையும் அங்கேயே இருக்கிறது. சோதித்தவர் சொல்லியாக வேண்டும். சோதிக்காதவருக்குச் சொல்ல எதுவுமில்லை. அக்கறையோடு அளந்து பார்த்தவர் விலையில் இழக்கிறார். கண்டுகொள்ளாதவர் கவலையின்றி விற்கிறார். அறியாமைக்குப் பரிசு கொடுக்கும் சட்டத்தை விழிப்புணர்வுச் சட்டம் என்பது எனக்கு வேடிக்கையாகத்தான் படுகிறது. அவசரம் வேறு: விற்பனைக் கெடுவுக்குள் இரண்டு மூன்று நாளில் அளக்கிறார்கள். ரேடானோ பருவத்துக்குப் பருவம் மாறுவது; சன்னலைத் திறந்துவைத்தாலே அளவு இறங்கிவிடும். இருபது வருடம் அந்தக் காற்றைச் சுவாசித்த பழைய உரிமையாளரை யாரும் கேட்கவேயில்லை.

சொந்த வீட்டுக்குள் அரசு நுழைந்து அளப்பது அத்துமீறல் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. வாடகை வீட்டுக்கு அது பொருந்தாது. குடியிருப்பவருக்குத் தரையைத் துளைக்கும் உரிமையே கிடையாதே! மெய்ன் மாநிலம் வாடகைக் கட்டடங்களைச் சோதிக்கும் பொறுப்பை உரிமையாளர் மீது சுமத்தியது. இல்லினாயும் குழந்தைகள் காப்பகங்களுக்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை சோதனையைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

சொந்த வீடுகளுக்கு மேரிலாந்தின் மாண்ட்கோமரி மாவட்டம் 2016-இல் எடுத்த வழியே மேல்: தனி வீட்டை விற்குமுன் சோதனை நடந்தாக வேண்டும். தெரியாது என்று தப்பிக்க வழியில்லை. சரிசெய்யும் கட்டாயம் அங்கும் இல்லை. ரேடான் அதிகமென்று தெரிந்தே ஒருவர் குடியேறலாம். அவர் தெரிந்து எடுத்த முடிவு, அவர் விருப்பம் என்று விட்டுவிடுவேன். அவரோடு குடிபோகும் பிள்ளைகளை நினைக்கும்போதுதான் அந்த வாதம் எனக்கே போதவில்லை.